ஒரே ஒரு போர்பன் ரோஜாவுக்குத்தான் இடம் என்றால்

அக்கா மகள் போன வருடம் பாரிஸுக்குக் கிழக்கே ஒரு வீடு வாங்கினாள். பின்னால் பத்து எட்டு வைத்தால் முடிந்துவிடும் தோட்டம். தெற்குப் பார்த்த சுவர் ஒன்று, பக்கத்து வீட்டு வேலியோரம் ஒரு மூலை. அவ்வளவுதான். "சித்தி, பழைய காலத்து போர்பன் ரோஜா ஒன்று வைக்கணும். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கு. எதை வாங்கட்டும்?" என்று கேட்டு ஆறு படங்கள் அனுப்பினாள். ஆறும் ஜூன் மாதத்தில் எடுத்தவை. ஆறும் அழகு.

ஜூன் படத்தைப் பார்த்து போர்பன் ரோஜாவை வாங்காதே என்றுதான் முதலில் பதில் போட்டேன். ஜூனில் பூக்காத ரோஜா ஐரோப்பாவில் ஏது? இருநூறு வருடத்துக்கு முன்னால் இந்த இனத்துக்காகத் தோட்டக்காரர்கள் அலைந்ததற்குக் காரணம் ஜூன் பூ இல்லை, செப்டம்பர் பூ. அதனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும்போது நான் முதலில் கேட்பது, கோடை முடிந்த பிறகு இது என்ன தரும் என்பதைத்தான். இங்கே பாரிஸுக்குத் தெற்கே லாய்-லே-ரோஸ் ஊரில் ஜூல் கிராவெரோ 1890-களில் தொடங்கிய பெரிய ரோஜாத் தோட்டம் இருக்கிறது. எல்லோரும் ஜூனில் போய்க் கூட்டத்தில் இடிபடுவார்கள். நான் செப்டம்பர் முதல் வாரத்தில் இன்னொரு முறை போவேன். போர்பன் வரிசையில் எது இன்னும் பூத்துக்கொண்டிருக்கிறது, எது இலையெல்லாம் கொட்டிக் குச்சியாய் நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

போர்பன் என்றதும் பிரெஞ்சு அரச வம்சம்தான் நினைவுக்கு வரும். ரோஜாவுக்கு அந்தப் பெயர் வந்தது தீவின் வழியாக. மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இன்றைய ரீயூனியனுக்கு அன்றைய பெயர் போர்பன் தீவு. 'போர்பன் வனிலா' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுவும் இந்தத் தீவின் பெயர்தான். அங்கே நிலத்தைச் சுற்றி ரோஜாவையே வேலியாக நடும் வழக்கம் இருந்தது. வேலியில் இரண்டு வகை: 'ஓல்ட் பிளஷ்' என்ற இளஞ்சிவப்புச் சீன ரோஜா ஒன்று, இலையுதிர் காலத்திலும் பூக்கும் டமாஸ்க் ரோஜா ஒன்று. சேன்-பெனுவா பக்கம் பெரிஷோன் என்பவரின் வேலியில் இரண்டிலும் சேராத ஒரு செடி தென்பட்டது என்று தோட்டக்கலைக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். 1817-இல் தீவுக்கு வந்த தாவரவியலாளர் ப்ரெயோன் அதைக் கவனித்து, 1819-இல் விதைகளை பிரான்சுக்கு அனுப்பினார். அவற்றை வாங்கி விதைத்தவர் ஜாக். பாரிஸை ஒட்டிய நெயியில் ஓர்லியான் கோமகனின் தோட்டக்காரர் அவர். அந்தக் கோமகன்தான் 1830-இல் மன்னர் லூயி-பிலிப் ஆனவர். விதையிலிருந்து வந்த ரோஜாவை ஓவியர் ரெதூத்தே 1824-இல் வரைந்து வைத்திருக்கிறார்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு நிமிடம் நிற்கும். ரோஜா வேலி போட்ட அந்தத் தீவில் அப்போது தோட்ட வேலை அடிமைகளின் வேலை. அடிமை முறை ஒழிந்தது 1848-இல். எங்கள் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பலேறி அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர் கரை இறங்குவதற்கு முன்பே இந்த ரோஜா பிரான்சுக்கு வந்துவிட்டது. தீவில் கிடைத்த முதல் செடியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் 'ரோஸ் எதுவார்'. தமிழ்நாட்டில் உதிரிப்பூவுக்காகப் பயிரிடும் எட்வர்ட் ரோஜா இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆக, இது நமக்கு முழுக்க அந்நியமான பூ இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாய், தகப்பன் இரண்டுமே வருடத்துக்கு ஒரு முறைக்கு மேல் பூப்பவை என்பதுதான் போர்பனின் சொத்து. சீன ரோஜாவில், பூப்பதை அடக்கி வைக்கும் மரபணு ஒன்று பழுதாகிவிட்டது. அதனால் அதில் துளிர்க்கிற ஒவ்வொரு கிளையும் பூவில்தான் போய் முடியும். டமாஸ்க் பக்கத்திலிருந்து வந்தது அந்தக் கனமான வாசனையும் நெருக்கமான இதழ்களும். போர்பனில் இந்த இரண்டும் கலந்து, செடிக்குச் செடி வேறு வேறு அளவில் இருக்கின்றன. சில வகை விடாமல் பூக்கும். சில வகை ஜூனில் ஒரு பெரிய அலை, அப்புறம் அங்கொன்று இங்கொன்று. 1909-இல் இத்தாலியில் வந்த 'வாரியகாத்தா தி பொலோஞ்ஞா' என்ற கோடு போட்ட ரோஜா, ரவிவர்மா ஓவியப் பட்டுச் சேலை மாதிரி அவ்வளவு எடுப்பு. ஆனால் கோடைக்குப் பிறகு அதை நம்பி உட்கார முடியாது. அவள் அனுப்பிய ஆறில் அதுவும் இருந்தது. ஒரே ஒரு செடி வைப்பவளுக்கு அது வேண்டாம் என்று அங்கேயே அடித்துவிட்டேன்.

மீதி ஐந்தோடு வேறு சிலவற்றையும் சேர்த்து அலசுவதற்கு முன் ஒரு சட்ட விஷயம். பிரான்சில் 2019 ஜனவரி 1 முதல் வீட்டுத் தோட்டக்காரர்கள் செயற்கைப் பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து எதையும் வாங்கவோ தெளிக்கவோ முடியாது. கந்தகம் மாதிரி இயற்கை விவசாயத்துக்கு அனுமதித்தவை, ஆபத்து குறைந்தவை என்று சில மட்டும் உண்டு. சாம்பல் நோய்க்குக் கந்தகம் நன்றாகவே கேட்கும். கரும்புள்ளி நோய்தான் தொல்லை. பழைய ரோஜாப் புத்தகங்களில் "மாதம் இருமுறை மருந்து தெளித்தால் போதும்" என்று எழுதியிருப்பதை நம்பி வகையைத் தேர்ந்தெடுத்தால், ஆகஸ்டில் மொட்டைச் செடிதான் மிஞ்சும். எனக்கு இந்தத் தடை சரியென்றே படுகிறது. தேனீ வரும் இடத்தில் விஷம் அடிக்க எனக்கு என்றுமே மனம் வந்ததில்லை. ஆனால் அதனாலேயே எந்த வகையை எங்கே வைப்பது என்பது முன்பைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது.

அவள் மனம் முதலில் போனது 'சுவெனிர் தெ லா மல்மேசோன்' மீது. போகாமல் இருக்குமா? உள்ளங்கையை விரித்த அளவுக்குப் பூ. முழுதாக விரிந்ததும் மேலே தட்டையாகி, இதழ்கள் நான்கு பாகமாகப் பிரிந்து மடிந்திருக்கும். நிறத்தை இளஞ்சிவப்பு என்று சொல்வதே அதிகம்; பாலில் ஒரு துளி ரோஸ் மில்க் விழுந்த நிறம். மல்மேசோன் என்றால் நெப்போலியனின் மனைவி ஜோசஃபீனின் மாளிகை. அவர் வளர்த்த ரோஜா இது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அவர் இறந்தது 1814-இல். லியோன் நகரத்து ஜான் பெலூஸ் இந்த ரோஜாவை உருவாக்கியது 1843-இல். அந்தத் தோட்டத்தின் நினைவாக வைத்த பெயர்தானே தவிர, ஜோசஃபீன் இதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர் பூ என்ற கணக்கில் இது முதல் வரிசை. மழை இல்லாத செப்டம்பரில் இதைவிட நல்ல போர்பன் கிடையாது என்றே சொல்வேன். மழை பெய்தால் கதை வேறு. என் தோட்டத்தில் ஒரு ஜூன் மாதம் எட்டு நாள் விடாத தூறல். செடி நிறைய மொட்டு. வெளி இதழ்கள் நனைந்து, ஈரத்தாள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து, உள்ளே இருக்கிற பூவைப் பூட்டிவிட்டன. ஒரு மொட்டைக் கையில் எடுத்து நகத்தால் மேல் தோலைக் கீறினேன். உள்ளே இதழ்கள் அப்படியே வெளிர் ரோஜா நிறத்தில், வாசனையோடு, விரியத் தயாராக இருந்தன. அடியில் மட்டும் பழுப்பு ஏறி அழுகத் தொடங்கியிருந்தது. முப்பதுக்கு மேல் மொட்டு, நாலைந்துதான் விரிந்தன. உலர்ந்த வெப்பமான இடங்களில் இந்த ரோஜாவைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கும் வட பிரான்சில் இதைத் திட்டுவதற்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

அதனால் இதற்கு ஏற்ற இடம் தெற்குச் சுவர், அதுவும் கூரை விளிம்பு கொஞ்சம் வெளியே நீண்டிருக்கிற இடம். புதர் வகை மெதுவாக வளரும், இடுப்பளவுக்கு வரவே சில வருடம் எடுக்கும். 1893-இல் வந்த கொடி வகை சுவரில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறும். பூவில் பாதி அழகு போதும், மழைக்குத் தாங்க வேண்டும் என்பவர்களுக்கு இதிலிருந்தே வந்த 'சுவெனிர் தெ செயின்ட் ஆன்ஸ்' இருக்கிறது. டப்ளின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாய்ச்செடியின் கிளை ஒன்று தானாக மாறிக் குறைந்த இதழோடு பூத்தது. அதை எடுத்து வளர்த்து 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இதழ் குறைவு என்பதால் மொட்டு ஒட்டிக்கொள்ளாமல் சுலபமாக விரியும். எனக்கு அதன் எளிமை பிடிக்கும். அக்கா மகளுக்கு நாலு பாகமாக மடிந்த அந்தப் பூதான் வேண்டுமாம்.

முள் இல்லாத ரோஜா என்று கேட்பவர்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுப்பது 'செஃபிரின் துரூவன்'. 1868-இல் பிசோ என்பவர் உருவாக்கியது. தண்டைக் கையால் மேலிருந்து கீழே உருவலாம், ஒரு கீறல் விழாது. அழுத்தமான ரோஸ் நிறம், நல்ல வாசனை, மூன்று மீட்டர் ஏறும். குழந்தைகள் ஓடும் வாசலுக்கு இதைப்போல வராது. அவள் வீட்டிலும் மூன்று வயதுப் பையன் இருக்கிறான், அதனால் நானும் இதைத்தான் முதலில் யோசித்தேன். ஆனால் தெற்குச் சுவரில் வைத்தால் இது நோயில் விழும். சூடான சுவர், காற்று புழங்காத மூலை, வேரடி காய்ந்த மண் என்று மூன்றும் சேர்ந்தால் ஜூலைக்குள் சாம்பல் பூசியது போல் ஆகிவிடும், பின்னாலேயே கரும்புள்ளி வரும். நான் என்னுடையதை அப்படித்தான் மூன்று வருடம் வதைத்தேன். பிறகு பிடுங்கி, காலை வெயில் மட்டும் விழும் கிழக்கு வேலிக்கு மாற்றினேன். அதே செடி இப்போது அக்டோபர் வரை பூக்கிறது. வடக்குப் பார்த்த சுவரிலும் சமாளிக்கும் ரோஜா இது. ரோஜா என்றாலே முழு வெயில் என்ற நம் பழக்கத்தில் அதைச் சுடுகிற சுவரில் கொண்டு போய்ச் சாத்துகிறோம்.

வாசனைக்காக மட்டும் வாங்குவதென்றால் பேச்சே இல்லை, 'மதாம் இசாக் பெரேர்' தான். பிரான்சில் ரயில் பாதைகளைப் போட்ட பெரேர் சகோதரர்களில் ஒருவரான வங்கியாளர் இசாக் பெரேரின் மனைவி பெயர் இது. 1881-இல் சந்தைக்கு வந்தது. பழுத்த ராஸ்பெர்ரி ஒரு கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குல்கந்து டப்பாவைத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு பூவைப் பறித்து அறையில் வைத்தால் மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே தெரியும். ஆனால் ஜூனில் இதன் முதல் பூக்கள் பல நேரம் கோணலாக இருக்கும், நடுவில் பச்சையாக ஒரு முடிச்சு வந்து பூவைக் கெடுக்கும். அதைப் பார்த்துச் செடி கெட்டுவிட்டது என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பொறுத்திருந்தால் செப்டம்பர் பூ குறையே இல்லாமல் வரும், வாசனையும் அப்போதுதான் உச்சம்.

பிறகு ஏன் அவளுக்கு இதைச் சொல்லவில்லை என்றால், இடம். இரண்டு மீட்டருக்கு மேல் போகும் நீளமான, விறைப்பான கிளைகள். அவற்றை வளைக்காமல் விட்டால் உச்சியில் மட்டும் நாலு பூ பூத்து, கீழே முழுக்க வெறும் குச்சி நிற்கும். எந்தக் கிளையிலும் நுனி மொட்டிலிருந்து ஒரு ஹார்மோன் கீழே இறங்கி, கீழே துளிர்க்கக் காத்திருக்கும் கண்களைத் தூங்க வைக்கிறது. கிளையைப் படுக்கையாக வளைத்துவிட்டால் அந்தப் பிடி தளர்ந்து, கிளை நெடுகக் கண்கள் விழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கிளை, ஒவ்வொரு சின்னக் கிளையிலும் பூ. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்பன் கிளைகளை வட்டமாகப் பரப்பித் தரையில் முளையடித்துக் கட்டுவார்கள். இங்கிலாந்தின் சிஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தில் இன்றும் பழைய ரோஜாக்களின் கிளைகளை ஹேசல் குச்சி வளையங்களில் இழுத்து வளைத்துக் கட்டுகிறார்கள். குளிர்காலத்தில் அந்த வளைந்த வேலைப்பாடே பார்க்க ஒரு கோலம் மாதிரி இருக்கும். பெரேருக்கு இப்படிச் சுற்றிலும் ஒன்றரை மீட்டராவது வேண்டும். இருக்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம்.

'லா ரேன் விக்தோரியா' (1872), அதன் ஒரு கிளை நிறம் மாறி 1878-இல் வந்த 'மதாம் பியேர் ஓஷே' இரண்டும் கிண்ணம் போன்ற பூக்கள். இதழ் சிப்பியின் உட்புறம் மாதிரி மெல்லியது. ஓஷே கிரீம் நிறத்தில் விரிந்து, வெயில் பட்ட ஓரம் மட்டும் சிவக்கும்; மேகமூட்டமான வாரத்தில் ஒரு பூ, வெயில் வாரத்தில் வேறொரு பூ. பூவைப் பார்த்து மயங்கி வாங்கி, கரும்புள்ளியில் தோற்றவள் நான். மெலிந்த கிளைகள், முட்டுக் கொடுக்க வேண்டும், ஆகஸ்டில் இலை நிற்காது. மருந்து அடிக்க முடியாத இன்றைய நிலையில் ஒரே செடியாக இதை வைப்பதை நான் ஒப்ப மாட்டேன். முன்னால் தாழ்வாக வேறு செடிகள் நட்டு, வெறுங்காலை மறைக்க இடம் இருந்தால் சரி.

'பூல் தெ நேஷ்', பனிப்பந்து, 1867. மொட்டில் சிவப்புக் கறை, விரிந்தால் வெள்ளைப் பந்து. ஒடுக்கமாக நிமிர்ந்து வளரும், தொட்டிக்கும் ஒத்து வரும். வெள்ளை பிடித்தவர்களுக்கு இது. அவளுக்கு வெள்ளை வேண்டாம்.

கடைசியாக 'லூயிஸ் ஒதியே'. 1851-இல் மார்கொத்தேன் உருவாக்கியது. அவள் அனுப்பிய படங்களில் இதுதான் கண்ணுக்குச் சாதாரணமாகப் பட்டது. மல்மேசோனின் பிரமாண்டம் கிடையாது, பெரேரின் வாசனை அளவுக்கு இல்லை. இதழ்கள் வட்டவட்டமாக, யாரோ அளந்து அடுக்கியது போல் கமேலியா பூவின் ஒழுங்கில் இருக்கும். நல்ல உயிருள்ள ரோஸ் நிறம். ஆனால் இதன் செப்டம்பரைப் பாருங்கள். ஜூன் அலை முடிந்து, காய்ந்த பூக்களைக் கிள்ளிவிட்டு ஆறேழு வாரத்தில் அடுத்த அலை, அதன் பிறகும் ஒன்று. போர்பன்களில் இப்படிக் கடிகாரம் போலத் திரும்பி வருபவை மிகக் குறைவு. மழையில் வெளி இதழ் கொஞ்சம் கறைபடும், ஆனால் மொட்டு பூட்டிக்கொள்ளாது. கரும்புள்ளி இதற்கும் வரும். இலையை இழந்த கையோடு புதுத் துளிர் விட்டு எழுந்துகொள்ளும் தெம்பும் இதற்கு இருக்கிறது. என்னிடம் இருக்கும் செடிக்குப் பதினொரு வயது. அதில் நான் செய்வது வசந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து, இரண்டு கூடை மட்கிய உரம், விழுந்த இலைகளைக் கூட்டி அள்ளுவது, அவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் உயரம், அதைவிடச் சற்றுக் குறைந்த அகலம். நீண்ட கிளை இரண்டை வேலிக் கம்பியில் படுக்கையாகக் கட்டிவிட்டால் இன்னும் அதிகம் பூக்கும்.

பழைய ரோஜா மாதிரியே பூத்து நோயும் குறைவான புது வகைகள் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று அவள் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1867-இல் 'லா பிரான்ஸ்' என்ற புது ரோஜா வந்து, கூர்மொட்டு ரோஜாக்கள் நாகரிகமான பிறகு போர்பன்களில் எத்தனையோ வகை தோட்டங்களிலிருந்து மறைந்துபோயின. இன்று நமக்குக் கிடைப்பவை, லாய்-லே-ரோஸ், ஜெர்மனியின் சாங்கர்ஹவுசன் மாதிரித் தோட்டங்களிலும் சில பிடிவாதக்காரர்களின் கொல்லைகளிலும் தப்பிப் பிழைத்தவை. யாராவது தொடர்ந்து வீட்டில் வளர்த்தால்தான் நாற்றங்கால்கள் தொடர்ந்து ஒட்டுக் கட்டும். நோயே இல்லாத செடிதான் முக்கியம் என்றால் புது வகை வாங்குங்கள், அதில் தப்பில்லை. எனக்கு இந்தச் செடிகள் இல்லாமல் போவதில் விருப்பமில்லை.

ஆக, அவளுக்கு நான் எழுதியது இப்படி: வேலி மூலைக்கு லூயிஸ் ஒதியே. ஒன்றுக்குத்தான் இடம் என்பது உறுதியென்றால் அது மட்டும் போதும். சுவருக்கு இரண்டாவதாக ஒன்று என்று எப்போதாவது மனம் வந்தால் மல்மேசோனின் கொடி வகை, கூரை விளிம்புக்கு அடியில்.

இங்கே நவம்பர் 25, புனித கத்ரின் நாளில் நட்டால் எந்தக் கட்டையும் வேர் பிடிக்கும் என்று ஒரு சொலவடை உண்டு. தொட்டிச் செடியாக வாங்காமல், அந்தப் பருவத்தில் மண் இல்லாமல் வரும் வேர்ச்செடியாக வாங்கச் சொன்னேன்; விலையும் குறைவு, ஊன்றவும் சீக்கிரம் ஊன்றும். இரண்டு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேரை ஊறப்போட்டு, நாற்பது சென்டிமீட்டர் குழியில், ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு இரண்டு விரல் கீழே போகிறபடி வைத்தோம். பையன் மண்ணை மிதித்துக் கொடுத்தான். முதல் ஜூனில் நாலு பூ. செப்டம்பர் 9-ஆம் தேதி காலையில் அவள் அனுப்பிய படத்தில் பதினேழு எண்ணினேன்.